சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறியும் சுகர் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. ஊர் கடலூர் முதுநகர். வீட்டிலேயே தையல் வேலை. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. மூன்று மாதம் முன்பு பார்த்ததில் வெறும் வயிற்றில் 114, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 168, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. "பார்டரில் இருக்கிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள்" என்று சொல்லி மாத்திரை தராமல் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் இட்லிக்குப் பதில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. காபிக்கு வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச்சர்க்கரை. இப்போது பார்த்தால் எச்பிஏ1சி 6.2. எடையும் அப்படியே. இவ்வளவு செய்தும் ஏன் குறையவில்லை? இருபது வருடமாக சர்க்கரை நோயுள்ள அம்மா (67 வயது, மாத்திரையும் இன்சுலினும்) என்னோடுதான் இருக்கிறார். அவருக்கும் இதே சாப்பாடு கொடுக்கலாமா? பலாச்சுளையைத் தொடவே கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த 6.2-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே 0.1 வித்தியாசம் வரும். ஏறவில்லை, அதே இடத்தில் நிற்கிறது என்றுதான் நான் படிப்பேன். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா, ஹீமோகுளோபின் குறைவா என்று நீங்கள் எழுதவில்லை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் தானியத்தைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். மாவுச்சத்தின் அளவு துளியும் குறையவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுச் சப்பாத்தி ஒன்றுக்கு 30 முதல் 35 கிராம் கோதுமை மாவு பிடிக்கும். நான்கு சப்பாத்தி என்றால் ஏறத்தாழ 130 கிராம் மாவு. அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நீங்கள் விட்ட சோறு இரண்டு கப், அதாவது 300 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அதிலும் கிட்டத்தட்ட அதே 80 கிராம்தான். கூடவே குருமாவில் உருளைக்கிழங்கு, தேங்காய் அரைத்த விழுது, சப்பாத்திக்குத் தடவிய எண்ணெய். அப்புறம் எடை எப்படிக் குறையும்? கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் "சப்பாத்தி சாப்பிட்டால் சுகர் ஏறாது" என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ, புறநோயாளி பிரிவில் தினமும் அதோடுதான் எனக்கு மல்லுக்கட்டு.

கூழ் விஷயமும் அதேதான். கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, உங்கள் வயதில் எலும்புக்கு அது தேவை. ஆனால் நம் பக்கத்துக் கூழில் கேழ்வரகு மாவோடு நொய்யரிசியும் போட்டுக் குழையக் காய்ச்சுகிறோம். நைசாக அரைத்து, நன்றாக வெந்து, கரைத்துக் குடிக்கிற எதுவும் மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் இறங்கிவிடும். சர்க்கரையும் விறுவிறுவென்று ஏறும். அதிலும் ஒரு சொம்பு! கூழை விட வேண்டாம். நொய்யைக் குறைத்து, மோர் ஊற்றிக் கரைத்து, ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். தொட்டுக்கொள்ள வெங்காயமும் மோர்மிளகாயும் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ இருக்கட்டும். அப்போதுதான் பதினோரு மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறக்க மாட்டீர்கள்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். காபிக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று காபி என்றால் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தவரை 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அதுவும் சர்க்கரைப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். வெந்தயம், பாகற்காய்ச் சாறு, சிறியாநங்கை பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை. தட்டைத் திருத்தாமல் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

தட்டை எப்படித் திருத்துவது? பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு புரதம், மிச்சக் கால்தான் சோறு. மதியம் பொன்னி அரிசிச் சோறே சாப்பிடுங்கள், ஒரு கப். அதற்கு மேல் வேண்டாம். உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாம் சோற்றுக் கணக்கில் சேரும், காய்க் கணக்கில் சேராது. கத்தரி, வெண்டை, அவரை, சுரை, முருங்கைக்கீரை, முளைக்கீரை எவ்வளவு வேண்டுமானாலும். சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: முதலில் பொரியலையும் மீனையும் முடித்துவிட்டு, பிறகு சோறு. இதனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, காசும் செலவில்லை.

புரதத்துக்கு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும்; விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அதிகம். குழம்பாக வையுங்கள், பொரிப்பது எப்போதாவது. மீன் குழம்பு ருசியாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி சோறு போடுவதுதான் நம் ஊர்க்காரர்களின் பலவீனம். குண்டானை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். மீன் இல்லாத நாளில் கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு. சாம்பாரில் மிதக்கும் பருப்பைப் புரதம் என்று கணக்கில் எழுதாதீர்கள், கெட்டிப் பருப்பாகவோ கூட்டாகவோ இருக்க வேண்டும்.

இரவுக்கு இரண்டு சப்பாத்தி. உருளைக்கிழங்குக்குப் பதில் பாலக்கீரையோ காளானோ முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, தெருவிலேயே பதினைந்து நிமிடம் நடங்கள். தையல் மிஷினில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நடை மிக முக்கியம். சாப்பிட்டதும் கால் தசை வேலை செய்தால் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் போனால் மணலில் நடங்கள், பஜ்ஜிக் கடைப் பக்கம் உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று உங்களுக்கு சந்தேகம் வரலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. உங்களைப்போல பார்டரில் இருந்தவர்கள், 500-க்கும் மேற்பட்டோர். எதுவும் செய்யாமல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டைத் திருத்தி நடந்தவர்களில் 39 சதவீதம். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். பார்டர் என்று சொல்லி அசட்டையாக இருக்க முடியாது என்பதற்கும் அந்த 55 போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாட்டின் சராசரியில் 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. நான்கில் ஒருவர்! கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கொஞ்ச நேர பஸ் பயணம்தான்.

உங்கள் உயரத்துக்கு 68 கிலோ அதிகம். உடனே 55-க்கு வர வேண்டாம். ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைந்தாலே நல்ல பலன் தெரியும். தையல்காரருக்கு நாடா பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எச்பிஏ1சி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்ததென்றால் உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பலாச்சுளை? சீசனில் மூன்று சுளை, மாலையில், தனியாக. சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். பலாக்கொட்டை சாம்பார் வைத்த அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி முந்திரி பத்துப் பன்னிரண்டு தின்னலாம், வறுத்து உப்புப் போட்டது வேண்டாம்.

அம்மா விஷயம் வேறு. தட்டின் அமைப்பு அவருக்கும் பொருந்தும். ஆனால் மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவருக்கு, மருந்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். அமாவாசை, கிருத்திகை என்று ஒரு வேளை பட்டினி இருப்பவராக இருந்தால் இன்னும் கவனம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாமல் பேசுவது, இவை அடையாளம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். இருபது வருட சர்க்கரை என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு மீனையும் பயறையும் கூட்டக் கூடாது. கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு. கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் இன்சுலின் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் போய், சாப்பாட்டை மாற்றப்போகிறோம் என்று சொல்லி மருந்தின் அளவைக் கேட்டு வாங்கி வந்த பிறகு ஆரம்பியுங்கள்.