பரணிலிருந்து இறங்கிய டிவி கேம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சாமானைப் பற்றியவை. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம்தான் அது. மஞ்சள் கேசட், ஒன்பது முள் சாக்கெட், வயர் இருந்தும் நாம் ‘ரிமோட்’ என்றே சொல்லிப் பழகிய கன்ட்ரோலர். பெட்டி மேல் டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் என்று என்ன பெயர் போட்டிருந்தாலும், உள்ளே இருந்தது 1983 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய டிவி கேம் கிடைத்தது. அடாப்டர் மட்டும் காணோம். வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு அடாப்டரைச் சொருகிப் பார்க்கலாமா? – விருதுநகர் வாசகர்

பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். பின் சரியாகப் பொருந்தியது என்பதற்காக இன்டர்நெட் ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. கருகிய மீன் போல ஒரு வாடை மட்டும் வந்தது. பிளஸ், மைனஸ் இடம் மாறியிருந்தது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வெடித்திருந்தது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசியில் ஓடுபவை. சிக்கல் வோல்ட்டில் இல்லை, துருவத்தில்தான். சிலவற்றில் பின்னின் நடுப்பகுதி பிளஸ், சிலவற்றில் மைனஸ். அடியில் ஸ்டிக்கர் இருந்தால் பாருங்கள். உரிந்து போயிருந்தால் பெட்டியைத் திறந்துவிடுங்கள், நாலைந்து ஸ்க்ரூதான். உள்ளே ஒரு சின்ன உலோகத் தகட்டில் மூன்று கால் உள்ள 7805 என்ற ரெகுலேட்டர் திருகப்பட்டிருக்கும். வருகிற 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவது அதன் வேலை. அதன் உலோக முதுகு எப்போதும் மைனஸ். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை அந்த முதுகிலும் இன்னொன்றை அடாப்டர் சாக்கெட்டின் நடுக்கம்பியிலும் வையுங்கள். பீப் வந்தால் நடுப்பகுதி மைனஸ். வெளி வளையத்தில் வந்தால் நடுப்பகுதி பிளஸ். அதற்கேற்ற 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். பழைய காலத்துக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் வேண்டாம். 9 என்று எழுதியிருக்கும், லோடு இல்லாதபோது 13 வரை காட்டும்.

மின்சாரம் கொடுத்ததும் கேசட்டைச் சொருகிவிடாதீர்கள். ரெகுலேட்டரின் மூன்றாவது காலில் 5 வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள், பத்து இருபது ரூபாய்ச் சாமான். அப்புறம் கேசட். வாயால் ஊதுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று ஊதியதால் ஓடியது என்று நாம் நம்பினோம். உண்மையில் கழற்றி மறுபடி சொருகியதால்தான் ஓடியது. எச்சில் ஈரம் கேசட்டின் செப்பு முனைகளைப் பச்சை பூக்க வைத்ததுதான் மிச்சம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து, கறுப்பு வராத வரை துடையுங்கள். சென்னையில் இருந்தால் இதெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய பெட்டி போலவே ஓடும் மென்பொருள்) போட்டு மரியோ விளையாடினேன். ஓட்டமெல்லாம் வேகமாக இருக்கிறது, பாட்டும் அவசரமாகக் கேட்கிறது. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் இப்போது விழுகிறேன். எனக்கு வயதாகிவிட்டதா? – கோவை வாசகர்

வயதாகியிருக்கலாம், ஆனால் இதற்குக் காரணம் அது இல்லை. நீங்கள் சின்ன வயதில் விளையாடிய மரியோ நிஜமாகவே மெதுவாக ஓடியவர்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அன்று டிவி என்டிஎஸ்சி (NTSC) முறை, விநாடிக்கு 60 படம். நம் நாட்டில் பால் (PAL) என்ற முறை, விநாடிக்கு 50. அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி வைத்து நடப்பவை. படம் குறைந்தால் நடையும் குறையும், அதாவது ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேலே 400 என்று ஆரம்பிக்கிற நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு எண் குறைய 24 படம் ஓட வேண்டும். ஜப்பானில் அந்த 400 தீர 160 விநாடி, நம் வீட்டில் 192 விநாடி. நமக்கு அரை நிமிடம் இனாம்!

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. நிண்டெண்டோ தானே ஐரோப்பாவுக்குச் செய்த பால் இயந்திரத்தில் மூளைச் சிப்பின் வேகமும் இறங்கிவிடும், அதனால் பாட்டின் சுருதியும் இறங்கும். தைவானின் யுஎம்சி நிறுவனம் இந்த நகல் பெட்டிகளுக்கென்று செய்த பால் சிப்களிலோ, மூளையின் வேகம் ஜப்பான் இயந்திரத்தின் 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, சுமார் 1.77இல் நிற்கும். ஆகவே நாம் கேட்ட மரியோ பாட்டு சுருதி மாறாமல், தாளம் மட்டும் நிதானமாக வந்தது. பல நகல் சிப்களில் சதுர அலை ஒலியின் இரண்டு அமைப்புகள் இடம் மாறியும் கிடக்கும். அதனால்தான் சில விளையாட்டுகளின் அசல் ஒலியைக் கேட்டால் ‘இது நம்ம பாட்டு இல்லையே’ என்று தோன்றுகிறது.

ரஷ்யாவில் இதே வகைச் சிப்களோடு 1992 இறுதியில் வந்த பெட்டியின் பெயர் டெண்டி. அந்தப் பெயராலேயே மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் ‘டெண்டி’ என்று ஒரு பிராந்தியத் தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

கேள்வி: வாத்து சுடும் துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது. ஆனால் எல்இடி டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதா? – திருச்சி வாசகி

டிவிதான் காரணம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தெரியும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் மூக்கில் இருப்பது ஒளியைப் பார்க்கும் ஒரு கண். கறுப்புக்கு அடுத்து வெளிச்சம் கண்டால் வாத்து விழும். எல்இடி டிவி வரும் படத்தை வாங்கி, பெரிதாக்கி, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் இயந்திரம் ‘தப்பியது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டிருக்கும். தாமதமே இல்லாத டிவி கிடைத்தாலும் பயனில்லை. அந்தக் கண்ணின் சர்க்யூட், பழைய பெட்டி டிவியில் கோடு கோடாக ஒளி வரையப்படும் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்கென்றே செய்யப்பட்டது.

ஆகவே பெட்டி டிவி ஒன்று தேடுங்கள். டிவி மெக்கானிக் கடை மூலையில் தூசியோடு கிடக்கும், தூக்கிப் போனால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள். 14 அங்குலம் போதும். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆளை அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஜப்பானில் இருந்து நண்பர் அசல் ஃபேமிகாம் வாங்கி வந்தார், அடாப்டரோடு. டிவியில் எந்தச் சேனலிலும் வரவில்லை. ஏவி வயர் குத்தவும் ஓட்டை இல்லை. – கொழும்பு வாசகர்

முதலில், அந்த அடாப்டரை நேராகச் சுவரில் குத்தவில்லையே? அது 100 வோல்ட்டுக்கானது, உங்கள் சுவரில் 230. அதை எடுத்து ஓரமாக வையுங்கள். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுவில் மைனஸ். கிட்டார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டரும் நடுவில் மைனஸ்தான். 1 ஆம்பியர் தரக்கூடியதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

படம் வராததற்குக் காரணம், அது ஜப்பானின் 1 அல்லது 2ஆம் சேனலில் ஒளிபரப்புவது. அந்த அலைவரிசை நம் ஊர்களில் எஃப்எம் ரேடியோ பாடுகிற இடம். டிவி அங்கே தேடுவதே இல்லை. வழி, ஏவி வயர் இழுப்பதுதான். படம் உருவாக்கும் சிப்பின் 21ஆம் காலில் வண்ணப் படம் முழுசாக வருகிறது, ஆனால் பலவீனமாக. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் சேர்த்துப் பலமாக்கி மஞ்சள் வயரில் கொடுக்க வேண்டும். ஒலியைக் கேசட் ஸ்லாட்டின் 46ஆம் முனையில் இருந்து எடுக்கலாம். சால்டரிங் தெரிந்தவருக்கு ஒரு மாலைப் பொழுது வேலை. திரையில் செங்குத்தாக ஜெயில் கம்பி மாதிரி கோடுகள் தெரிந்தால், அந்த 21ஆம் காலைப் போர்டில் இருந்து விடுவித்து, வயரை நேராகக் காலிலேயே இணையுங்கள். கோடுகள் பெருமளவு மங்கிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள், பெட்டியில் துளை போடாதீர்கள். டிவி ஆன்டெனாவுக்குப் போகும் பழைய ஆர்எஃப் சாக்கெட் இருந்த ஓட்டை வழியாகவே வயரை வெளியே கொண்டுவரலாம். கழற்றிய பாகத்தை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை அறுத்துவிட்டால் திரும்பி வராது. சால்டரிங்கில் இறங்க விருப்பம் இல்லையென்றால், நிண்டெண்டோவே 1993இல் ஏவி வசதியோடு விட்ட ஃபேமிகாம் இருக்கிறது. ரிமோட்டுகளும் அதில் கழற்றி மாட்டுபவை. ஆனால் பழசின் இரண்டாவது ரிமோட்டில் இருக்கும் மைக் அதில் கிடையாது. எனக்கு அந்த மைக்குக்காகவே பழசு பிடிக்கும்.

எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள டிவி என்றால் மலிவான மாற்றிப் பெட்டி படத்தைக் காட்டும், ஆனால் சரியாகக் காட்டாது. அடிபட்ட மரியோ மினுங்க வேண்டிய இடத்தில் கோடு கோடாகக் கிழிவார், பட்டனும் தாமதிக்கும். காசு செலவழிக்கலாம் என்றால், பழைய கேம்களுக்கென்றே செய்த ரெட்ரோடிங்க் வகை மாற்றிப் பெட்டி வாங்குங்கள். ஓஎஸ்எஸ்சி என்ற இன்னொன்றையும் பலர் சொல்வார்கள். நல்ல சாமான்தான், ஆனால் அது மஞ்சள் வயரை ஏற்காது. உங்களுக்கு உதவாது.

கேள்வி: ‘9999 இன் 1’ கேசட்டில் உண்மையில் எத்தனை விளையாட்டு? – சேலம் வாசகர்

ஐந்தில் இருந்து இருபதுக்குள். மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில், மூன்றாம் ஸ்டேஜில் இருந்தோ கூடுதல் உயிரோடோ தொடங்கும். ஆனால் அதைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். அந்த மெனுவின் பாட்டும், பறக்கும் புறாவும், எழுத்துப் பிழைகளும் அசல் கேசட்டில் கிடைக்காதவை. நிறைய விளையாட வேண்டும் என்றால் மெமரி கார்டு போடும் எவர்டிரைவ் என்8 இருக்கிறது. 60 முனை உள்ள ஃபேமிகாம் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். 72 முனை என்பது அமெரிக்க, ஐரோப்பியப் பெட்டிக்கு, நம்முடையதில் நுழையாது. ஒன்று: போர்டில் சிப்கள் எல்லாம் ஒரே கறுப்புச் சொட்டுக்குள் அடங்கிய பிற்காலப் பெட்டிகளில் அது சரியாக ஓடுமா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். வாங்கும் முன் நண்பருடையதைச் சொருகிப் பாருங்கள்.

கேள்வி: ஜம்ப் பட்டனைக் கட்டைவிரல் வலிக்க அழுத்தினால்தான் வேலை செய்கிறது. – நாகர்கோவில் வாசகர்

ரிமோட்டைத் திறந்தால் ரப்பர் விரிப்பு இருக்கும், அதன் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு. பொட்டையும் அது படும் இடத்தையும் ஆல்கஹால் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கார்பனே வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் வயர் ரிமோட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். நாம் எல்லோரும் ரிமோட்டில்தானே வயரைச் சுற்றி வைத்தோம்! இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு ஐந்து வயரையும் மறுபடி பற்றவையுங்கள். நிறத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பெட்டி மஞ்சளாகிவிட்டது. பெராக்சைடு போட்டு வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்களே? – புதுச்சேரி வாசகி

வெளுக்கும். அழகு நிலையங்களுக்கு விற்கும் ‘40 வால்யூம்’ கிரீம், அதாவது 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. போர்டு, ஸ்க்ரூ, ஸ்டிக்கர் எல்லாம் நீக்கி, கையுறை போட்டு, ஒரே சீராகப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைப்பார்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கிரீம் காய்ந்துவிடும். காய்ந்த இடம் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. காலை வெயிலில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை திருப்பி, மறுபடி பூசுங்கள். வெளுத்ததும் சில வருடத்தில் திரும்ப மஞ்சளாகலாம். என்னுடையதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

கேள்வி: என் டெர்மினேட்டர் பெட்டிக்கு இன்று என்ன விலை கிடைக்கும்? – ஈரோடு வாசகர்

ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற அளவுக்கு. ‘அபூர்வம்’ என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டிருப்பவர்கள் போட்டபடியே இருக்கிறார்கள், விற்றதாகத் தெரியவில்லை.

கேள்வி: எட்டு வயது மகளோடு விளையாட ஆசை. அவளோ மொபைலில் நல்ல கிராஃபிக்ஸ் பார்த்தவள். எதில் தொடங்கலாம்? – தஞ்சாவூர் வாசகர்

கான்ட்ராவில் வேண்டாம். முதல் ஸ்டேஜிலேயே மூன்று உயிரும் போய் எழுந்து போய்விடுவாள். நாம் ‘டேங்க்’ என்று சொன்ன பேட்டில் சிட்டியைப் போடுங்கள், நாம்கோவின் 1985 விளையாட்டு. இருவரும் ஒரே கட்சி, காக்க வேண்டியது திரையின் கீழே நடுவில் இருக்கும் கழுகை. மெனுவில் மூன்றாவதாக ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ இருக்கும். செங்கல், இரும்பு, தண்ணீர் எல்லாம் வைத்து அவளே ஒரு மைதானம் கட்டட்டும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூட்டாளியைச் சுட்டால் அவர் சாகமாட்டார், சில விநாடி அசையாமல் நிற்பார். இதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். பத்து நிமிடத்தில் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு உங்கள் டேங்க் நகர்ந்த பாடில்லை.