சயாம் தீவின் ராத்திரிக் கடிதங்கள்

சென்ற இதழில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் எந்தப் பக்கம் அறை எடுத்தால் வசதி என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, அங்குள்ள பாத்தோங் கடற்கரைப் பக்கம் இருட்டிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் கேட்கின்றன, பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. போடவில்லை. பினாங்கிலிருந்து பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டு சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, போய்வந்த பழைய டூர் கைடு நான். வக்கீல் இல்லை, சாமியாரும் இல்லை. பார்த்ததையும் விசாரித்ததையும் சொல்கிறேன்.

அண்ணே, வருகிற தையில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் புக்கெட் போய் பார்ட்டி வைக்க வேண்டும் என்று கூட்டாளிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பாத்தோங்கின் பார் வீதியான பங்லா ரோட்டில் பில்லை ஏற்றிவிடுவார்களாமே? - சுங்கை பட்டாணி

தம்பி, முதலில் வாழ்த்து. பீர் பாரில் உட்கார்ந்ததும் உன் முன்னால் ஒரு சின்னக் குவளை வைப்பார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் பில்லைச் சுருட்டி அதில் செருகுவார்கள். போதை ஏறிய பிறகு மொத்தமாக எண்ணாதே, அவ்வப்போது எடுத்துப் பார். பக்கத்தில் வந்து உட்காரும் பெண் 'லேடி டிரிங்க்' கேட்பாள். அது உன் பீரைவிட விலை அதிகம், அதில் ஒரு பங்கு அவளுக்குப் போகிறது. விருப்பம் இல்லையென்றால் சிரித்தபடி வேண்டாம் என்று சொல், யாரும் அடிக்க வர மாட்டார்கள். மேசையில் கனெக்ட் ஃபோர் என்ற, நான்கு வில்லைகளை வரிசையாகச் சேர்க்கும் விளையாட்டுப் பலகை இருக்கும். பந்தயம் மட்டும் கட்டாதே. தினமும் ராத்திரி அதையே ஆடுகிறவளை நீ ஜெயிக்கப் போவதில்லை. அப்புறம், மேலே ஒரு மணி தொங்கும். கூட்டாளி எவனாவது விளையாட்டாகக் கயிற்றை இழுத்துவிட்டால் பாரில் இருக்கும் அத்தனை பேருக்கும் நீங்கள்தான் டிரிங்க் வாங்கித் தர வேண்டும்.

ரோட்டில் அட்டையைக் காட்டி, மாடியில் ஷோ, உள்ளே போக இலவசம் என்று கூப்பிடுகிறவன் பின்னால் போகாதீர்கள். நுழையத்தான் இலவசம், வெளியே வரும்போது பில் நீளும். பாஸ்போர்ட்டை எதற்கும் அடமானமாகக் கொடுக்காதே, காலையில் கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்தாலும் சரி. தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. கஞ்சாவை 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025 ஜூனில் டாக்டர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். அங்கே என்ன சட்டமோ இருக்கட்டும், இங்கே மலேசியாவில் சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால் மணமேடைக்குப் பதில் லாக்கப். வேப் என்ற மின்சிகரெட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, அங்கே அதற்குத் தடை.

'பார் ஃபைன்' என்று ஒன்று சொல்வார்கள். வேலை நேரத்தில் ஒரு பெண்ணை வெளியே கூட்டிப் போக பாருக்குக் கட்டும் தொகை அது. அவளுக்கு உரியது தனி. பாருக்குக் கட்டிவிட்டதால் அவள் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை, மாட்டேன் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. மாப்பிள்ளைக்கு எங்கள் பரிசு என்று கூட்டாளிகள் காசு போட்டு உன்னைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அந்தக் கூத்தை நிறையப் பார்த்திருக்கிறேன், மறுநாள் பஸ்ஸில் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. எங்கே போகிறாய் என்று கட்டிக்கப்போகும் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போ. சொல்ல முடியாது என்றால் லங்காவிக்குப் போங்கள், சாக்லேட்டாவது மலிவாகக் கிடைக்கும்.

அங்கே பாலியல் தொழில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதானே? - ஆசிரியர், பிறை

இல்லை ஐயா. 1996-ல் வந்த சட்டம் ஒன்று அதைத் தடுக்கிறது. பார்கள் இயங்குவது கேளிக்கை விடுதி உரிமத்தில். பார் ஃபைன் என்ற ஏற்பாடே இந்த இடைவெளியில் பிறந்ததுதான்: வெளியே போனபின் நடப்பது எங்களுக்குத் தெரியாது என்று பார்க்காரர் சொல்லிவிடலாம். பிடிபட்டால் அபராதம் கட்டுவது பெரும்பாலும் பெண்தான், அதனால் ஏமாற்றப்பட்டாலும் அடிபட்டாலும் அவள் போலீசுக்குப் போகத் தயங்குவாள். எம்பவர் என்ற பெண்கள் அமைப்பு 1985-லிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 15 வயதுக்கு மேல் 18-க்குள் இருக்கும் ஒருவரிடம் போகிற வாடிக்கையாளருக்கு அந்தச் சட்டத்தில் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை, அவர் சம்மதித்திருந்தாலும்கூட. 15-க்குக் கீழே என்றால் 2 முதல் 6 ஆண்டு. நம் நாட்டின் 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டம் மலேசியர் வெளிநாட்டில் செய்ததற்கும் பாயும். எல்லை தாண்டி வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவன் உள்ளே போகட்டும், எனக்கு வருத்தம் இல்லை.

மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள். எனக்கு 61 வயது. புக்கெட் பாரில் பழக்கமான பெண்ணுக்கு மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறேன். ஊர் புரிராம், ஒரு மகன் பாட்டியிடம் வளர்கிறான். இப்போது அங்கே வீடு கட்டப் பணம் கேட்கிறாள். என் பிள்ளைகள் என்னைத் திட்டுகிறார்கள். அவளுக்கு என்மேல் உண்மையிலேயே அன்பு இருக்கிறதா? - நிபோங் திபால்

ஐயா, பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அதை நான் எப்படிச் சொல்வேன்? உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று வேண்டுமானால் கேட்கிறேன். அவள் இன்னும் பாரில் வேலை செய்கிறாளா? மகனோடு வீடியோவில் பேசியிருக்கிறீர்களா? உங்களைத் தவிர வேறு யாராவது பணம் அனுப்புகிறார்களா?

கடைசிக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் என்று பணம் வருவது அந்த ரோட்டில் அதிசயம் இல்லை. வெள்ளைக்காரர்கள் மத்தியில் 'எருமைக்குச் சீக்கு' என்று ஒரு பழைய கேலி உண்டு: ஊரில் எருமைக்கு உடம்பு சரியில்லை, பணம் அனுப்பு. அந்தக் கேலி எனக்குப் பிடிப்பதில்லை. புரிராம் இருக்கும் இசான், அதாவது வடகிழக்குத் தாய்லாந்து, பக்கம் மழையை நம்பிய நெல் விவசாயம். புக்கெட்டில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 400 பாட், அதில் வாடகை, சாப்பாடு போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும்? 2020-ல் கோவிட் வந்து பார்களை மூடியபோது முறையான வேலைப் பதிவு இல்லாத பெண்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். அதைப் பார்த்த ஒருத்தி ஒரே ஆளை நம்பி இருக்க மாட்டேன் என்று முடிவெடுத்தால் அவளை மோசக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களிடம் பேசுவதும் உங்கள் மாத்திரையை நினைவுபடுத்துவதும் அவளுக்குப் பாதி வேலை, பாதி பிரியமாக இருக்கலாம். 1,500 வெள்ளிக்கு அந்தத் துணை உங்களுக்குப் போதும், உங்கள் செலவுக்கும் இடிக்கவில்லை என்றால், அது உங்கள் பணம். பிள்ளைகள் அதில் தலையிட ஒன்றுமில்லை.

வீடு வேறு கதை. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. அவளைக் கல்யாணம் செய்துகொண்டாலும் நிலம் அவள் பெயரில்தான், அது அவளுடைய தனிச் சொத்து என்று நீங்களே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரும்பாத பணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று மனதாரச் சொல்ல முடிகிற தொகைக்கு மேல் ஒரு சென் தராதீர்கள், சேமநிதிப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன்னால் புரிராமுக்கு நேரில் போங்கள். புக்கெட்டில் சந்தித்தது கணக்கில் வராது. அவள் அம்மா வீட்டில் பகலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மகனைப் பாருங்கள், அக்கம்பக்கத்தார் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். வரவேண்டாம் என்று அவள் சாக்குமேல் சாக்குச் சொன்னால் என் பதில் தேவைப்படாது. கல்யாணப் பேச்சு வந்தால் 'சின்சோட்' கேட்பார்கள், பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணம். அது அவர்கள் வழக்கம், அதைக் கேட்டதற்காகச் சந்தேகப்படாதீர்கள். பேரம் பேசலாம்.

உங்கள் பிள்ளைகளுக்கே தெரியாத ஒன்று: முஸ்லிம் அல்லாதவர் மறுமணம் செய்தால், அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்து எழுதிய உயிலைத் தவிர, பழைய உயில் 1959 உயில் சட்டப்படி செல்லாமல் போகும். அதனால் கல்யாணத்துக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். அங்கே தாலி கட்டினால் 6 மாதத்துக்குள் நம் தூதரகத்திலோ இங்கேயோ பதிவும் செய்ய வேண்டும். மாதாமாதம் எவ்வளவு போகிறது என்று பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தொகை தெரியாதவரை அவர்கள் பத்து மடங்காக நினைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

என் கணவர் ஆண்டுதோறும் கோல்ஃப் என்று சொல்லி புக்கெட் போகிறார். இந்த முறை அவர் பையில் பார் பில் கிடைத்தது. சண்டை போடவில்லை, பயமாக இருக்கிறது. - பட்டர்வொர்த்

தங்கச்சி, என் வீட்டுக்காரி அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது இது. முதலில் உன்னைப் பார். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க கிளினிக்கில் எச்ஐவி சோதனையைப் பெயர் சொல்லாமலே செய்துகொள்ளலாம். சிபிலிஸ், கொனோரியா, ஹெப்பட்டைட்டிஸ் பி மூன்றையும் சேர்த்துக் கேள். பிள்ளைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி போடத் தொடங்கியதே 1989-ல்தான், உங்கள் வயதுக்காரர்கள் போட்டிருக்க மாட்டீர்கள். சோதனை இன்று சரியாக வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை செய். உன் கணவருக்கும் முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. இனி எப்போதாவது உறை கிழிந்தது, போதையில் மறந்துவிட்டேன் என்று அவர் வாயைத் திறந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு இழுத்துப் போ. எச்ஐவியைத் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு.

கணவரிடம் எப்படிப் பேசுவது என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். பில்லை மேசைமேல் வைத்துவிட்டு, நாளை காலை எட்டு மணிக்கு இரண்டு பேருக்கும் ரத்தச் சோதனை என்று சொன்னால் போதும், மற்ற பேச்சை அவரே ஆரம்பிப்பார் என்கிறார். கண்டிப்பான தாதி அவர்.

இந்த மாதிரி அசிங்கமெல்லாம் நம் பினாங்கில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை ஏன் எழுதுகிறீர்கள்? - ஜெலுத்தோங்

இருந்ததே ஐயா. நூறு ஆண்டுக்கு முன்னால் சிந்த்ரா ஸ்திரீட், கேம்பல் ஸ்திரீட் பக்கம் கியூஷு தீவின் ஏழை கிராமங்களிலிருந்து வந்த ஜப்பானியப் பெண்கள் இதே தொழிலில் இருந்தார்கள். புக்கெட் டவுனில் இன்று எல்லாரும் படம் பிடிக்கிற சோய் ரொமானியும் ஈயச் சுரங்கக் கூலிகள் காலத்தில் அப்படிப்பட்ட சந்துதான். ஈயமும் கூலியும் கப்பலும் இரண்டு ஊரையும் சேர்த்தே வளர்த்தன.

எங்கள் கோயில் மாதர் குழு புக்கெட் போகிறது. சிரிக்காதீர்கள், அந்த ரோட்டை ஒரு தடவை பார்க்க ஆசை. போகலாமா? - ஆயர் ஈத்தாம்

தாராளமாக. காலையில் வாட் சாலோங் புத்தர் கோயில், சாயங்காலம் பங்லா ரோடு என்று அக்காமார்களை நானே கூட்டிப் போயிருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். எட்டு ஒன்பது மணிக்குப் போனால் கூட்டம் அளவாக இருக்கும். இறகு கட்டிய திருநங்கைக் கலைஞர்களோடு படம் எடுக்க ஆசை என்றால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், எடுத்தபின் கேட்டால் விலை ஏறும். பாருக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்களை மட்டும் போனில் பிடிக்க வேண்டாம், ஊரில் அவர்கள் வீட்டுக்கு வேறு வேலை என்று சொல்லியிருப்பார்கள். தட்டையான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்தால் அந்தத் தரை வழுக்கும்.