பூட்டி வைத்த மைக்ரோமீட்டர் யாருக்கு? ஐடிஐ கருவிகள், ஸ்டோர்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டார அரசு ஐடிஐகளில் (தொழிற்பயிற்சி நிலையங்களில்) ஃபிட்டர் ஆசிரியராக இருந்து, ஸ்டோர் பொறுப்பும் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

புதுவயல், ஃபிட்டர் பிரிவு இளநிலைப் பயிற்சி அலுவலர்: ஐயா, புதிதாக வந்த அளவுக் கருவிகளான மைக்ரோமீட்டரும் வெர்னியரும் உறை பிரிக்காமலே அலமாரியில் இருக்கின்றன. தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று மூத்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

கொடுங்கம்மா, நாளைக்கே கொடுங்கள். 0.01 மி.மீ. படிப்பது எப்படி என்பதைக் கரும்பலகையில் சொல்லிவிடலாம். மைக்ரோமீட்டர் முனையில் இருக்கும் ராட்செட் திருகை எவ்வளவு திருகினால் போதும் என்பது விரலுக்குத்தான் தெரியவேண்டும். பாடத்திட்டத்தோடு வரும் கருவிப் பட்டியலைப் பாருங்கள், மாணவர் டூல் கிட் 20+1 என்று போட்டிருக்கும். யூனிட்டில், அதாவது ஒரு பயிற்சிக் குழுவில், 20 பேர் இருந்தால் ஆளுக்கொரு கிட் வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. அளவுக் கருவிகள் குறைவாகத்தான் இருக்கும், முறைவைத்துக் கொடுங்கள்.

தொலையாமல் இருக்கவும் வழி இருக்கிறது. நம் ஊர்ச் சீர்ப் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருப்பார்கள், அண்டா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் திரும்பி வந்துவிடும். அதேபோல் ஒவ்வொரு கருவியிலும், அளக்கும் முகத்தில் படாமல், பிரிவின் பெயரையும் எண்ணையும் பொறித்துவிடுங்கள். மாணவருக்கு ஆளுக்கு ஐந்து டோக்கன் கொடுங்கள். கருவியை எடுத்தால் அது தொங்கிய ஆணியில் டோக்கனை மாட்டவேண்டும். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஆணிகளைப் பார்த்தாலே யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சம்பளப் பிடித்தம் என்பது கவனக்குறைவுக்கு. வேலையில் உடைந்தால் அன்றைக்கே எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறைத்து வைத்தது பின்னால் தணிக்கையில் வெளிவரும்போதுதான் வம்பு.

தேவகோட்டை, ஸ்டோர் உதவியாளர்: ரெஜிஸ்டரில் 40 அரம், கையில் 31தான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் 31 என்று உண்மையை எழுதுங்கள் தம்பி. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 213ஆம் விதி, ஆண்டுக்கு ஒரு முறையாவது பொருளை நேரில் எண்ணிப் பார்க்கவேண்டும், பொருளுக்குப் பொறுப்பானவர் கூட இருக்கவேண்டும், குறைவு இருந்தால் உடனே மேலே தெரிவிக்கவேண்டும் என்கிறது. நம்முடையது மாநில நிறுவனம், மாநில நிதி விதிகள்தான் பொருந்தும். ஆனாலும் எண்ணும் ஒழுங்குக்கு அதைப் பின்பற்றுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அரம் தேயும் பொருள். தேய்ந்ததைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்று வைத்துக்கொண்டால் இந்த ஒன்பது எங்கே போனது என்ற கேள்வியே வராது. தேய்ந்த அரத்தையும் தூக்கிப் போடாதீர்கள். கிரைண்டரில் பல்லை எடுத்து நல்ல ஸ்கிரேப்பர் (சுரண்டும் கருவி) செய்யலாம், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ஜாப், அதாவது செய்முறை வேலை.

கண்டனூர், டர்னர் ஆசிரியர்: ஐப்பசி மழையில் எல்லாம் துருப்பிடிக்கிறது.

விரல் வியர்வைதான் முதல் எதிரி. பயன்படுத்தியதும் சுத்தமான துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் ஆயில் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்கேறும். மைக்ரோமீட்டரை இறுக்கி மூடாமல் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பல் மழுங்கும், அதையும் கவனியுங்கள்.

பள்ளத்தூர், வெல்டர் பயிற்சி மாணவர்: ஐயா, ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒன்றாகக் கிடக்கிறது. ஆபத்தா?

ஆமாம் தம்பி, இன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள். கறுப்பு ஆக்சிஜனும் மெரூன் அசிட்டிலினும் ஸ்டோரில் தனித்தனியே, காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திச் சங்கிலி போட்டு நிற்கவேண்டும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்ப் பிசுக்குக் கையும் படக்கூடாது. வெல்டிங் ராடு பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகையில் வைக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறிய ராடில் போட்ட வெல்டிங் தையல் துளைத்துளையாக வந்தால், ஆசிரியர் திட்டுவது உங்களைத்தான்.

காரைக்குடி, பயிற்சி அலுவலர்: மூன்று பழைய லேத் (கடைசல் இயந்திரம்) இடத்தை அடைக்கின்றன. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

நேராகக் கடைக்கு அனுப்பக் கூடாது. பயன்பாட்டுக்கு உதவாது என்று காரணத்தோடு எழுதி, கண்டம் செய்ய, அதாவது கழிவாக அறிவிக்க, அனுமதி பெற்று, ஏலம் விட்டு, தொகையை அரசுக் கணக்கில் கட்டவேண்டும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். மூன்றையும் அனுப்பாதீர்கள். ஒன்றைக் கழற்றிப் பூட்டுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் மெஷினின் கியர் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் திறக்க எந்த ஆசிரியரும் விடமாட்டார். ஓடாத மெஷினில் கியரை எடுத்துப் பார்த்த பையன்தான் நாளைக்குக் கம்பெனியில் பழுதைக் கண்டுபிடிப்பான். மற்ற இரண்டிலும் உதவும் பாகங்கள் இருந்தால் அனுமதியோடு எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

திருப்பத்தூர், மாணவரின் தந்தை: டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடியில் மேம்படுத்தினார்கள் என்று படித்தேன். மகன் படிக்கும் இடத்தில் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) அடிக்கடி சும்மா நிற்கிறது என்கிறான்.

மெஷின் வாங்க ஒரு தடவை பணம் வரும். வெட்டும் முனையான இன்சர்ட், குளிர்விக்கும் கூலன்ட், ஆயிலுக்கு வருடா வருடம் வேண்டும், அங்கேதான் தடுமாற்றம். எத்தனை மாணவர், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஜாப், ஜாபுக்கு எவ்வளவு தேய்மானம் என்று ஆசிரியர் போன வருடக் கணக்கிலிருந்து எடுத்து, தீர்வதற்குப் பல மாதம் முன்பே இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடவேண்டும். சும்மா நின்றாலும் வாரம் ஒரு முறை மெஷினை ஓட்டவேண்டும், மெமரி பேட்டரி இறங்கினால் பாராமீட்டர் (மெஷினில் பதிந்த அமைப்பு அளவுகள்) அழிந்துவிடும். நீங்கள் முதல்வரைப் பார்த்து, இன்சர்ட்டுக்கு இண்டென்ட் எப்போது போனது என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.