ராப்சடி இன் ப்ளூ: மேடையில் கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இங்கே ஓர் அரங்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பியானோவுக்கும் குழுவுக்குமாக எழுதிய ‘ராப்சடி இன் ப்ளூ’வை முதல்முறையாக நேரில் கேட்டேன். பல வருடங்களாக ஹெட்போனில் கேட்டு மனப்பாடமானதுதான். ஆனாலும் தொடக்கத்தில் கிளாரினெட் மேலேறியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. சில கேள்விகள். நான் கேட்ட ஒலிப்பதிவில் இருப்பதைவிட அந்தக் கிளாரினெட் கலைஞர் நிறைய நேரம் இழுத்தார். அப்படி வாசிக்கலாமா? பியானோ பல இடங்களில் அமுங்கிப்போனது ஏன்? மேற்கத்திய இசை தெரிந்த நண்பர் ஒருவர், “அது ஜாஸும் இல்லை, சிம்பொனியும் இல்லை, நாலைந்து நல்ல மெட்டுகளை ஒட்டுப்போட்டது” என்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது? அடுத்த மாதம் வேறொரு குழு வாசிக்கிறது. எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியால்தான் இதை நேரில் கேட்க ஜனம் கூடுகிறது என்பது என் எண்ணம். ஒட்டுப்போட்ட இடங்களில்தான் வாசிப்பவருக்குச் சுதந்திரம் இருக்கிறது. அங்கே என்ன செய்வது என்பதை ஒவ்வொரு முறையும் மேடையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் கிளாரினெட். கெர்ஷ்வின் எழுதியது வழுக்கல் அல்ல, படிப்படியாக ஏறும் 17 சுரங்கள். கீழே எஃப் சுரத்தில் ஒரு டிரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), அங்கிருந்து மேல் பி ஃப்ளாட் வரை ஓட்டம். ஒத்திகையில், இதை முதலில் வாசித்த பால் வைட்மன் குழுவின் கிளாரினெட் கலைஞர் ராஸ் கார்மன் விளையாட்டாக அதை இழுத்து வழுக்கிக் காட்டினார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். ஆக அந்தத் தொடக்கமே வாசித்தவர் சேர்த்ததுதான். எவ்வளவு நேரம் இழுப்பது, எந்தச் சுரத்திலிருந்து வழுக்குவது என்பதெல்லாம் இன்றும் வாசிப்பவரின் விருப்பம். உங்கள் கலைஞர் வரம்பு எதையும் மீறவில்லை.

கர்நாடக இசையில் ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஜாரு, அதாவது வழுக்கல், அந்நியமாக இருக்காது. ஆனால் இதை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை மேடையில் பார்த்தால்தான் புரியும். கிளாரினெட்டின் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்குத் தாவும் இடத்தில், ஒரு சுரம் ஏறுவதற்குள் ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் ஒரேயடியாக மூட வேண்டும். அங்கே வழுக்க வழியே இல்லை. அதனால் பெரும்பாலானவர்கள் பாதி தூரத்தை வேகமான சுர வரிசையாகவே கடந்துவிட்டு, மேல் வரிசைக்குள் வந்த பிறகு வழுக்கத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் இரு கைகளின் ஆறு விரல்களும் துளைகளை மூடியிருக்கும். உச்சியில் பின்பக்கக் கட்டைவிரலைத் தவிர எல்லாம் திறந்திருக்கும். வலது மோதிர விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலையும் தூக்காமல், துளையின் ஓரமாக நகர்த்தி மெல்ல விலக்க வேண்டும்.

விரல் மட்டும் போதாது. நாக்கையும் தொண்டையையும் மாற்றி, வாய்க்குள் இருக்கும் காற்றறையின் அதிர்வைச் சுரத்தோடு சேர்த்து நகர்த்தினால்தான் விரல்களுக்கு இடையிலுள்ள படிகள் மறையும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். தவறுவதற்கும் நிறைய வழி உண்டு. டிரில்லை நீட்டினால் உச்சியில் மூச்சு போதாது. வரிசை மாறும் இடத்தில் ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) கீச்சிடும். தளர்த்திய உதட்டை மேலே போனதும் இறுக்கத் தவறினால் பி ஃப்ளாட் சுருதி இறங்கி நிற்கும், பின்னால் சேரும் குழுவோடு ஒட்டாது. இவ்வளவும் மேடை ஏறிய முதல் நொடிகளிலேயே, தனியாக, எல்லோர் கண்ணெதிரிலும். நீங்கள் சிலிர்த்ததில் ஆச்சரியமில்லை.

இனி அந்த ஒட்டு விஷயம். இதே குற்றச்சாட்டை 1955-ல் அமெரிக்க நடத்துநரும் இசையமைப்பாளருமான லெனர்ட் பெர்ன்ஸ்டைன் எழுதினார்: எந்தப் பகுதியை வெட்டினாலும் மீதி ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், ஐந்து நிமிடத்துக்கும் வாசிக்கலாம், பன்னிரண்டு நிமிடத்துக்கும் வாசிக்கலாம் என்று. அந்த மெட்டுகளை அவர் கொண்டாடவும் செய்தார். 1959-ல் தானே பியானோ வாசித்து, குழுவையும் நடத்திப் பதிவு செய்தார். கட்டமைப்பு தளர்வானது என்பதை நானும் மறுக்கமாட்டேன். பிராம்ஸ் போன்ற சிம்பொனி மேதையிடம் எதிர்பார்ப்பதை இதில் தேடினால் கிடைக்காது.

ஆனால் இது உருவான விதத்தைப் பாருங்கள். 25 வயது கெர்ஷ்வின் சில வாரங்களில் எழுதியது. பியானோவுக்காக எழுதிய தாள்களை வாத்திய அமைப்பாளர் ஃபெர்டி குரோஃபே உடனுக்குடன் வைட்மன் குழுவின் வாத்தியங்களுக்குப் பிரித்தார். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் அரங்கேற்றம். நீண்ட நிகழ்ச்சியில் கடைசிக்கு முந்தைய உருப்படி. பியானோவில் கெர்ஷ்வினே உட்கார்ந்தார். அவருடைய தனிப் பகுதிகள் முழுதாக எழுதப்படவே இல்லை. குரோஃபேயின் தாளில், பியானோ கலைஞர் தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற குறிப்புதான் இருந்தது. இன்று அந்தப் பகுதிகள் எல்லாம் அச்சில் உள்ளன. ஆனால் காத்திருப்பு போகவில்லை. பியானோ தனியாக ஓடும் நேரத்தில் நடத்துநரைப் பாருங்கள்: கோலைத் தாழ்த்தி, பியானோ கலைஞரின் தோளைக் கவனித்துக்கொண்டிருப்பார். இரண்டு நாள் அடுத்தடுத்து கேட்டால் இந்த இணைப்புகள் இரண்டு விதமாக இருக்கும். மார்கஸ் ராபர்ட்ஸ் போன்ற ஜாஸ் பியானோ கலைஞர்கள் அங்கே புதிதாகவே கற்பனை செய்து வாசிக்கிறார்கள். இறுக்கமாகக் கட்டிய படைப்பு அதைத் தாங்காது.

பியானோ அமுங்கியதற்கு வருகிறேன். உங்கள் அரங்கில் வாசித்தது அநேகமாக 1942-ன் சிம்பொனி வடிவமாக இருக்கும். அதையும் குரோஃபேதான் அமைத்தார், ஆனால் கெர்ஷ்வின் 1937-லேயே இறந்துவிட்டார். 1924 வடிவத்தில் ஏறக்குறைய இருபத்து சொச்சம் பேர்: பல வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசிக்கும் மூன்று ரீட் கலைஞர்கள், சில பித்தளை வாத்தியங்கள், எட்டு வயலின், பாஞ்சோ, டிரம்ஸ். 1942 வடிவத்தில் முழு வயலின் வரிசையும் மூன்று டிராம்போனும் ஒன்றாக எழும்பினால் எந்தப் பியானோவும் மூழ்கத்தான் செய்யும். பாஞ்சோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பியானோ கலைஞரே நடத்துநராகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விசைப்பலகை ரசிகர்கள் பக்கம் திரும்பி, பியானோவின் மூடியைக் கழற்றிவிடுவார்கள். ஒலி நம்மை நோக்கி வராமல் நேரே கூரைக்குப் போகும்.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்குமுன் எந்த வடிவம் என்று கேட்டுவிடுங்கள். 1924 வடிவம் என்றால் எப்படியாவது போங்கள். அதில் இது நடனக் குழுவின் இசை என்பது காதிலேயே தெரியும், பியானோவும் ஒளிந்துகொள்ளாது. இடம் கிடைத்தால் முதல் மாடியின் முன்வரிசையில் இடப்பக்கம் உட்காருங்கள். கைகளும் தெரியும், ஒலியும் கலந்து வரும்.

கவனிக்க வேண்டியவை என்று சில. தொடக்க மெட்டில் ஏழாம் சுரம் அரைப்படி தாழ்ந்து வரும், மூன்றாம் சுரம் ஒருமுறை தாழ்ந்தும் ஒருமுறை நிமிர்ந்தும் ஊசலாடும். ப்ளூஸின் சாயல் அங்கேதான். அதே மெட்டை டிரம்பெட் மூடியைத் திறந்து மூடி ‘வா-வா’ என்று பேசவைக்கும்போது, அதை நகைச்சுவையாக மட்டும் வாசிக்கிறார்களா, உள்ளே ஓர் அழுகையும் கேட்கிறதா என்று பாருங்கள். பிற்பகுதியில் வரும் அந்த விரிந்த, மெதுவான மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் நீண்ட சுரங்கள் நிற்கும் இடங்களில் கீழே ஹார்ன்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்ந்துகொண்டிருக்கும். மெட்டை விட்டுவிட்டு ஒருமுறை அதை மட்டும் பின்தொடருங்கள். நல்ல நடத்துநர் அதை மறைக்கமாட்டார்.

அதற்குப் பிறகு பியானோவில் இரு கைகளும் மாறி மாறி ஒரே சுரத்தைத் தட்டும் வேகமான பகுதி வரும். பெடலை மிதித்துக்கொண்டே வாசித்தால், எதிரொலி அதிகமுள்ள அரங்கில் வெறும் இரைச்சலாகிவிடும். பியானோவின் உள்விசை சரியாகச் சீர்செய்யப்படாவிட்டால் சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். சுரங்கள் தனித்தனியாகத் தெறித்தால் அன்றைய வாசிப்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு, இது குழுக்களுக்கு. 1940-களின் பெரிய ஸ்விங் இசைக்குழுபோல எல்லாச் சுரத்தையும் ஆட்டி வாசிக்காதீர்கள். 1924-ன் தாளம் நேரானது, துள்ளலானது.

இதைச் சரிபார்க்க ஒலிப்பதிவு இருக்கிறது. 1924-லேயே வைட்மன் குழுவும் கெர்ஷ்வினும் வாசித்த பதிவு. இசைத்தட்டின் இரு பக்கங்களில் அடங்க வேண்டும் என்பதால் சுமார் ஒன்பது நிமிடமாக வெட்டப்பட்டது. அதில் கார்மனின் கிளாரினெட்டையும் கேட்கலாம். 1976-ல் நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ், கெர்ஷ்வின் பதிந்துவைத்த பியானோ ரோலோடு (வாசிப்பைத் துளைகளாகப் பதிந்து, பியானோவைத் தானே வாசிக்கவைக்கும் காகிதச் சுருள்) 1924 வடிவத்தைச் சேர்த்துப் பதிவு செய்தார். பெர்ன்ஸ்டைனின் சாவகாசத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த வேகம் திடுக்கிட வைக்கும்.

இந்த இசை யாரிடம் கடன்பட்டது என்பதையும் உங்கள் நண்பரிடம் பேசுங்கள். இடது கை தாவித் தாவி விழும் அந்தப் பியானோ நடை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியின் கறுப்பினக் கலைஞர்களுடையது. அவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் பி. ஜான்சன். அவரும் பியானோவுக்கும் குழுவுக்குமாக ‘யமெக்ரா’ என்று ஒரு ராப்சடி எழுதினார். வில்லியம் கிராண்ட் ஸ்டில் வாத்திய அமைப்பு செய்ய, 1928-ல் கார்னகி ஹாலில் ஃபேட்ஸ் வாலர் பியானோ வாசித்தார். மேடைகளில் அது அரிதாகவே வருகிறது. ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. அடுத்த மாதத்துக்குள் நீங்களும் நண்பரும் அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்