ஆறாம் ஹென்றியின் சித்திரச் சாசனங்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி, வின்ட்சருக்கு அருகிலுள்ள ஈட்டனில் 1440இலும் கேம்பிரிட்ஜில் 1441இலும் கல்லூரிகளை நிறுவி, நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு 1446இல் அவற்றுக்குச் சித்திரச் சாசனங்களை, அதாவது பொன்னாலும் வண்ணப் படங்களாலும் அழகுபடுத்திய உரிமை ஆவணங்களை, வழங்கினார். அவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஈட்டன் ஒரு பள்ளிக்கூடம்தானே? அதைக் கல்லூரித் தேவாலயம் என்று அழைப்பது ஏன்?

பதில்: அங்கிருந்த பங்குக் கோயிலைக் கல்லூரித் தேவாலயமாக உயர்த்துவதே அரசரின் முதல் செயலாக இருந்தது. துறவு மடத்தைச் சேராத குருமார் ஒரு தலைவரின்கீழ் கூடி வாழ்ந்து, நிறுவியவரின் ஆன்மாவுக்காக நாள்தோறும் மன்றாடும் அமைப்புக்கே அன்று அப்பெயர் வழங்கியது. தலைவரோடு 10 குருமார், 4 வழிபாட்டு உதவியாளர், 6 பாடகச் சிறுவர், 25 ஏழை மாணவர், 25 வறிய முதியோர் என்பது தொடக்கத் திட்டம். பள்ளி அதன் ஓர் உறுப்பு மட்டுமே.

கேள்வி: என்னென்ன உரிமைகள் வழங்கப்பட்டன?

பதில்: அடிப்படையானது நிலம். பிரெஞ்சு மடங்களுக்குக் கட்டுப்பட்டிருந்து 1414இல் ஒடுக்கப்பட்ட கிளை மடங்களின் சொத்துகளிலிருந்து பெரும்பங்கு இவ்விரு கல்லூரிகளுக்கும் வந்தது. சமய உரிமைகளைத் திருத்தந்தையிடமிருந்தே பெற வேண்டும் என்பதால் அரசர் ரோமுக்கும் விண்ணப்பித்தார். மரியாளின் விண்ணேற்பு நாளில் ஈட்டன் கோயிலுக்கு வருவோருக்கு முழுப் பாவத்தண்டனை மன்னிப்பு கிடைத்தது. கேம்பிரிட்ஜ் கல்லூரி, அந்நகருக்குரிய ஆயரின் அதிகாரத்திலிருந்தும் பல்கலைக்கழக வேந்தரின் அதிகாரத்திலிருந்தும் விடுபட்டது. இந்த விலக்கின் தொடர்ச்சியாக அக்கல்லூரி மாணவர்கள் பல்கலைக்கழகத் தேர்வு எழுதாமலே பட்டம் பெற்றார்கள் என்பதும், 1851 வரை அது நீடித்தது என்பதும் இன்று வியப்பாகத் தோன்றும்.

கேள்வி: கேம்பிரிட்ஜ் சாசனத்தின் படம் எதைக் காட்டுகிறது?

பதில்: அரசர் மண்டியிட்டிருக்கிறார், அவருக்குப் பின்னே பிரபுக்கள் அவையும், கீழே மக்களவையினரும் மண்டியிட்டிருக்கின்றனர். "மக்களவையினர் வேண்டுகின்றனர்" என்றும், "நாங்களும் அவ்வாறே வேண்டுகிறோம்" என்று பிரபுக்கள் சொல்வதாகவும் பிரெஞ்சு மொழியில் வரிகள் எழுதப்பட்டுள்ளன. மேலே கன்னி மரியாளும் புனித நிக்கலஸும் இருக்கின்றனர். ஹென்றி பிறந்தது நிக்கலஸின் திருநாளான டிசம்பர் 6 அன்று. என் பார்வையில், இது பக்திப் படம் என்பதைவிட, நாடாளுமன்றமே இந்தக் கொடைக்குத் துணைநின்றது என்று கல்லூரி தன் எதிர்காலப் பகைவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த வாதம்.

கேள்வி: இவற்றை வரைந்தவர் யார்? செலவு அரசருடையதா?

பதில்: லண்டன் ஓவியர் வில்லியம் ஏபல். ஈட்டன் சாசனத்துக்காக அவருக்குப் பணம் கொடுத்ததைக் கல்லூரியின் கணக்குச் சுருளே பதிவு செய்துள்ளது. கேம்பிரிட்ஜ் படமும் அவர் கைவேலை என்றே கருதப்படுகிறது. பொதுவாக, எழுத்தர் சாசனத்தின் தொடக்கத்தில் வரும், படம் வரையப்படும் பெரிய முதலெழுத்துக்கு இடம் விட்டு எழுதிக் கொடுப்பார். அந்த இடத்தை அழகுபடுத்தும் செலவு சாசனத்தைப் பெறுவோருடையது. ஓவியர் சுண்ணப் பூச்சின்மேல் பொன் தாளை ஒட்டி, மெருகேற்றி முடித்த பின்னரே வண்ணங்களைத் தொடுவார்.

கேள்வி: அப்படியானால் படத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?

பதில்: இல்லை. சட்ட மதிப்பு அரசரின் பெருமுத்திரைக்கே உரியது. நிரந்தரக் கொடைகளுக்குப் பட்டுக்கயிற்றில் தொங்கும் பச்சை மெழுகு முத்திரை பயன்பட்டது. பொன்னும் வண்ணமும் இல்லாத சாசனமும் அதே அளவுக்குச் செல்லும்.

கேள்வி: அரசர் பதவியிழந்த பிறகு இந்த உரிமைகள் என்னவாயின?

பதில்: 1461இல் அரியணையைக் கைப்பற்றிய நான்காம் எட்வர்ட், ஹென்றியை முறையற்ற அரசர் என்றே கருதினார், அதனால் அவருடைய கொடைகள் அனைத்தும் ஆட்டம் கண்டன. 1463இல் ஈட்டனைக் கலைத்து வின்ட்சரின் புனித ஜார்ஜ் தேவாலயத்தோடு இணைக்கத் திருத்தந்தை இரண்டாம் பயஸின் ஆணையைப் பெற்றார். ஈட்டனின் தலைவர் வில்லியம் வெஸ்ட்பரி எதிர்ப்பைப் பதிவு செய்தார். பின்னர் எட்வர்டும் மனம் மாறவே, 1469இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் இழந்த நிலங்களில் பெரும்பகுதி மீளவில்லை. ஈட்டனில் ஹென்றி திட்டமிட்ட பெருங்கோயிலில், குருமாரும் பாடகரும் வழிபாடு நடத்தும் பாடகர் பகுதி மட்டுமே எழுந்தது. மக்கள் நிற்பதற்கான நீண்ட மண்டபம் கட்டப்படவே இல்லை.