ஏரியோரச் சாலை சமதளம் என்று யார் சொன்னது?

மலைக்காடுகளையும் ஏரிகளையும் சுற்றி மூட்டை முடிச்சோடு சைக்கிளில் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ஏரியை ஒட்டி 70 கிலோமீட்டர் சாலை. வரைபடத்தில் தண்ணீர் ஓரமாகவே போகிறது. நாலரை மணி நேரத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். போய்வந்தவர்களோ ஒரு முழு நாள் ஆகும் என்கிறார்கள். எது சரி?

போய்வந்தவர்கள் சொல்வதுதான். ஏரியின் நீர்மட்டம் சமம், கரை அப்படியல்ல. மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஏரியில் ஒவ்வொரு குன்றும் தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். சாலை அதன்மேல் ஏறும், அடுத்த ஓடை வந்து சேரும் இடத்தில் இறங்கும், உடனே மறுபடி ஏறும். ஒவ்வொரு மேடும் 25 மீட்டர்தான். அப்படி 40 மேடு வந்தால் 1,000 மீட்டர் ஏறியாயிற்று! சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்ட வரைபடத்தில், 15 மீட்டர் மேடு ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

சுமையோடு போகும்போது இப்படிக் கணக்கிடுங்கள். தார்ச்சாலையில் சமதள வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். 70 கிலோமீட்டருக்கு 4 மணி 20 நிமிடம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 12 நிமிடம் கூட்டினால் 1,000 மீட்டருக்கு 2 மணி நேரம். ஆக 6 மணி 20 நிமிடம் மிதிக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், வேடிக்கை எல்லாவற்றுக்கும் இதில் கால்பங்கு சேர்த்தால் எட்டு மணி நேரம் வந்துவிடும். காட்டு மண்சாலையாக இருந்தால் 16 என்பதை 11 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பாதை திட்டமிடும் செயலி காட்டும் ஏற்றத்தையும் அப்படியே நம்பக்கூடாது. அது சாலையை அளப்பதில்லை, அந்த இடத்து நில உயரத் தரவை எடுத்துப் போடுகிறது. அதனால் சுரங்கப்பாதை வந்தால் மேலே இருக்கும் மலையையே நீங்கள் ஏறுவதாகவும், பாலம் வந்தால் பள்ளத்தில் இறங்கி ஏறுவதாகவும் காட்டும். செங்குத்தான சரிவைக் குடைந்து போட்ட சாலையில், புள்ளி சில மீட்டர் பக்கவாட்டில் விலகினாலே உயரம் பத்து மீட்டர் மாறிவிடும். ஏற்ற வரைபடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஊசிபோல் ஏதாவது நின்றால், அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சுரங்கமோ பாலமோ இருக்கும். சுரங்கம் என்றால் சைக்கிளை அனுமதிக்கிறார்களா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். வாசலில் போய் நின்று தெரிந்துகொண்டால், திரும்பி வர அத்தனை மேட்டையும் மறுபடி ஏற வேண்டும்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் 50/34 செயின்ரிங், பின்னால் 11-28 கேசட், 700x40 டயர். 18 கிலோ சுமை. 8 சதவீத ஏற்றங்களில் முழங்கால் வலிக்கிறது. உடற்பயிற்சி போதவில்லையா?

உடம்பைக் குறை சொல்லாதீர்கள், கியர்தான் போதவில்லை. 50/34 என்பது மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரங்களின் (செயின்ரிங்) பற்கள், 11-28 என்பது பின் பல்சக்கர அடுக்கின் (கேசட்) பற்கள். உங்கள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மிகச் சிறிய கியர் 34/28, அதாவது 1.21. ஒரு முறை மிதித்தால் 2.67 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.6 கிலோமீட்டர். ஆள், சைக்கிள், சுமை மொத்தம் 105 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 240 வாட் வேண்டும். பயணம் போகிறவர்களில் பலராலும் அதை மணிக்கணக்கில் தர முடியாது. தாக்குப்பிடிக்கக்கூடிய 145 வாட்டில் வேகம் 5.7 கிலோமீட்டருக்கு இறங்கும். இந்தக் கியரில் அது நிமிடத்துக்கு 36 சுற்றுதான். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடும். அது போய் விழுகிற இடம் முழங்கால்.

அதே 145 வாட், அதே 5.7 கிலோமீட்டர், ஆனால் கியர் 26/36 என்றால் 60 சுற்று கிடைக்கும். சுமைப் பயணத்துக்கு மிகச் சிறிய கியர் 1-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே சைக்கிள் தள்ளாடத் தொடங்குவதால், அதைவிட மிகச் சிறியதாகப் போவதிலும் பயனில்லை.

முதலில் கேசட்டை மாற்றுங்கள், செலவு குறைவு. 11-36 போடுவதற்கு முன், பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 36 பல்லைத் தாங்குமா என்று பாருங்கள். அதன் செயின் கொள்ளளவு குறைந்தது 41 பல் இருக்க வேண்டும் (முன்னால் 50-34 = 16, பின்னால் 36-11 = 25). பழைய செயினையே மாட்டி ஓட்டாதீர்கள். டீரெய்லர் வழியாகக் கோக்காமல், பெரிய செயின்ரிங்கையும் பெரிய கேசட் பல்லையும் சுற்றி செயினைப் பிடித்து, இணையும் இடத்திலிருந்து 2 கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுவதே சரியான நீளம். குட்டையாக இருந்தால், தெரியாமல் பெரியது-பெரியது கியருக்குப் போகும் நொடியில் டீரெய்லர் தாங்கி வளையும் அல்லது முறியும். இதோடு நிறுத்தினால் 34/36 கிடைக்கும். 1-க்குச் சற்றுக் கீழேதான். வலி தீரவில்லை என்றால் அடுத்து முன் செயின்ரிங்கைச் சிறிதாக்குங்கள். கியருக்குப் பிறகும் வலி மூட்டின் முன்பக்கமாகவே இருந்தால், சீட்டை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள்.

கேள்வி: ஏரியை வலமாகச் சுற்றுவதா, இடமாகவா?

வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் இடமாக, அதாவது கடிகாரச் சுற்றுக்கு எதிராக. வலப்பக்கம் ஓடும் நாட்டில் வலமாக. அப்போதுதான் ஏரி உங்கள் பக்கம் இருக்கும். நின்று பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டாம், உங்கள் பக்கத்தில் வந்து சேரும் குறுக்குச் சாலைகளும் குறைவு. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவைச் சுற்றும் சுமார் 200 கிலோமீட்டர் பாதைக்கு இடச்சுற்றையே பரிந்துரைக்கிறார்கள். அங்கே போக்குவரத்து இடப்பக்கம்.

இதை மாற்றக்கூடிய ஒரே விஷயம் காற்று. நீண்டு குறுகிய மலை ஏரிகளில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசும், இரவில் திசை திரும்பும். இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு பெலேர் என்றும், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து வருவதற்கு ஓரா என்றும் பெயரே உண்டு. அந்த மாதிரி இடத்தில் பகலில் எதிர்க்காற்றில் போக வேண்டிய கரையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறது, தீய்ந்த வாடையும் வருகிறது. பயந்துகொண்டு 20 கிலோமீட்டர் வேகத்திலேயே பிடித்தபடி இறங்குகிறேன்.

அப்படிப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் காரணம். 105 கிலோ 800 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிக மெதுவாகப் போனால் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். நடுத்தர வேகத்தில் இரண்டும் இல்லை. எதிரே தெளிவாகத் தெரியும் நேர்ச்சாலையில் பிரேக்கை விடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போது, இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ வாடை வந்தாலோ நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

பிரேக் கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மின்னினால் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தேய்மானப் பூச்சு 0.5 மில்லிமீட்டர் ஆனதும் மாற்ற வேண்டும். மலைக்கு உலோகக் கட்டை நல்லது. ஆனால் ‘ரெசின் மட்டும்’ என்று பொறித்த டிஸ்க்கில் அதைப் போடக்கூடாது, டிஸ்க்கை அரித்துவிடும்.

கேள்வி: பின்சக்கரத்தில் கேசட் பக்கம் ஸ்போக்ஸ் அடிக்கடி முறிகிறது. சுமை அதிகமா?

சுமையும் ஒரு காரணம். ஆனால் பெரும்பாலும் ஸ்போக்ஸ் தளர்வாக இருப்பதுதான் கோளாறு. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தளர்ந்த கம்பி தளர்ந்து இறுகி, ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) வளையும் முனையில் களைத்து முறிகிறது. இரண்டு மூன்று முறிந்துவிட்டால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். மொத்தமாக மாற்றி, இழுவிசை அளந்து கட்டச் சொல்லுங்கள். 36 துளைச் சக்கரம் நல்லது. பைகளில் கனமானவற்றை முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

வழியில் முறிந்தால், அதன் இருபக்கத்துக் கம்பிகளையும் அரைச்சுற்று தளர்த்தினால் கோணல் குறையும், ஊர் போய்ச் சேரலாம். அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்றக் கேசட்டைக் கழற்ற வேண்டும் என்பதால், கழற்றும் கருவியோ கெவ்லர் நூல் ஸ்போக்ஸோ பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. கொதிக்க வைத்தால் இரண்டும் போகும்: ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி மிதந்தால் எதுவும் உதவாது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் போவதில்லை. ஏரியை விட்டு, வந்து சேரும் ஓடையில் மேலே ஏறிப் பிடியுங்கள். இழைக்குழாய் (நுண்துளைக் குழல்கள் கொண்ட) வடிகட்டி ஒரு முறை நனைந்த பிறகு உறைந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். குளிர் இரவில் அதையும் நீங்கள் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைனமோ ஹப் இருந்தும் மலையில் கைபேசி ஏறவே மாட்டேன் என்கிறது.

சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் டைனமோ ஹப்பின் 6 வோல்ட், 3 வாட் என்பது மணிக்கு 15 கிலோமீட்டர் வாக்கில் கிடைப்பது. 6 கிலோமீட்டரில் ஏறும்போது பெயருக்குத்தான் மின்சாரம். விட்டுவிட்டு வருவதால் கைபேசி ஒவ்வொரு முறையும் விழித்துத் திரையை எரியவிட்டு, வந்ததைவிட அதிகமாகச் செலவழிக்கும். டைனமோவை ஒரு சிறிய பவர் பேங்க்கில் இணையுங்கள், கைபேசியை இரவில் அதிலிருந்து ஏற்றுங்கள். காட்டுக்குள் சிக்னல் தேடியே பேட்டரி தீரும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு விமானப் பயன்முறையில் ஓட்டுங்கள். இருப்பிடம் அதிலும் தெரியும்.