வரியைத் திட்டிவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இருவரும் பள்ளியில். பொருள், சேவை வரியை (ஜிஎஸ்டி) ஏற்றியபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். இப்போது அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் (வவுச்சர்) அரிசி வாங்கினால்கூட என் மச்சான், "வரியைத் திட்டுற வாயி, வவுச்சர் சோறு திங்குது பாரு" என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். அவர் நல்ல சம்பளத்தில் இருப்பவர். நான் செய்வது இரட்டை வேடமா? பற்றுச்சீட்டை எடுக்காமல் விட்டுவிடட்டுமா? கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே, அதை நாமே எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் மச்சானிடம் ஒன்று கேளுங்கள். அவர் வீட்டுப் பற்றுச்சீட்டு என்ன ஆயிற்று? சிடிசி பற்றுச்சீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. ஒரு சிங்கப்பூரராவது வசிக்கும் குடும்பம் என்றால் போதும், தரைவீடாக இருந்தாலும் சரி, ஈரறை வீடாக இருந்தாலும் சரி, ஒரே தொகைதான். 2025-இல் ஜனவரியில் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மே மாதம் 500 வெள்ளி. யாரோ ஒருவர் அரசாங்க இணையக் கணக்கான சிங்பாஸில் நுழைந்து இணைப்பை எடுத்திருப்பார். அநேகமாக அவருடைய மனைவியாக இருக்கும், மச்சானுக்கே தெரியாமல்.

எடுக்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எடுக்காவிட்டாலும் உங்கள் வரி குறையப்போவதில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் 9 விழுக்காட்டைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு விதி தவறு என்று வாதாடுகிறவர், அந்த விதி மாறும்வரை அதன்படி தனக்கு வருவதை வாங்கிக்கொள்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையா, அந்தப் பற்றுச்சீட்டைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வழி இருக்கிறது.

மச்சானின் கேலியில் வேறொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அரசாங்கம் கொடுப்பதெல்லாம் பற்றுச்சீட்டாகக் கண்ணுக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். நல்ல சம்பளக்காரருக்கு அரசாங்கம் கொடுப்பது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அது வரித் தள்ளுபடி என்ற பெயரில் வருகிறது. எஸ்ஆர்எஸ் என்கிற துணை ஓய்வுக்காலத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரர் ஓர் ஆண்டில் 15,300 வெள்ளிவரை அதில் போடலாம், போட்ட தொகைக்கு அந்த ஆண்டு வருமான வரி இல்லை. வரிக்குரிய வருமானம் 180,000 வெள்ளியாக உள்ளவர் முழுத் தொகையைப் போட்டால் 18 விழுக்காட்டுப் படியில் இருப்பதால் 2,754 வெள்ளி மிச்சம். அதே திட்டத்தில் அதே தொகையை 60,000 வெள்ளிக்காரர் போட்டால் மிச்சம் 1,071 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 20,000-க்குள் இருப்பவருக்குப் பூஜ்யம், அவர்தான் வருமான வரியே கட்டுவதில்லையே. ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது பாதித் தொகைக்கு வரி உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் சம்பளம் கூடக்கூட உதவியும் கூடுகிற ஏற்பாடு இது.

நான் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன். ஒவ்வொரு ஏப்ரலிலும் வரிப் படிவத்தோடு வருபவர்கள் தள்ளுபடி ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிச் சேர்ப்பார்கள். சேர்த்து முடித்ததும் அதே மேசையில், "இந்த ஊர்ல எல்லாத்துக்கும் வவுச்சர் கொடுத்துக் கெடுக்குறாங்க" என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த படிவத்தை எடுப்பேன். என்ன செய்வது, வாடிக்கையாளராயிற்றே.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் வீட்டில் வரி விழும் செலவு மாதம் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், வரிக்கு முந்திய விலையில். வரி 7-இலிருந்து 2023 ஜனவரியில் 8 ஆகி, 2024 ஜனவரியில் 9 ஆனது. கூடிய 2 விழுக்காட்டுப் புள்ளி மாதம் 50 வெள்ளி, ஆண்டுக்கு 600. முழு 9 விழுக்காட்டையும் பார்த்தால் மாதம் 225, ஆண்டுக்கு 2,700. இப்போது வரவு. 2025-இன் சிடிசி பற்றுச்சீட்டு 800. சிங்கப்பூரின் 60-ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு ஆளுக்கு 600 வீதம் உங்கள் இருவருக்கும் 1,200. ஆக 2,000 வெள்ளி.

இந்த நாலு எண்களிலேயே மேடைப்பேச்சு அத்தனையும் அடங்கிவிடும். ஆளும் தரப்பு 2,000-ஐ 600-க்குப் பக்கத்தில் வைக்கும்: கூடுதல் வரியைவிட மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டோமே! எதிர்ப்பவர் அதே 2,000-ஐ 2,700-க்குப் பக்கத்தில் வைப்பார்: உங்கள் பணத்திலேயே கொஞ்சம் திரும்பக் கொடுக்கிறார்கள். இருவர் எண்ணும் சரி. ஒருவர் தொடங்குவது உயர்வு வந்த நாளிலிருந்து, மற்றவர் தொடங்குவது 1994 ஏப்ரலில் 3 விழுக்காடாக இந்த வரி பிறந்த நாளிலிருந்து. எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள் என்று சொல்லாமல் அளக்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எஸ்ஜி60-ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். அது நாட்டின் 60-ஆம் ஆண்டுக்காக ஒருமுறை வந்தது, வரிக்கு ஈடாக வந்ததல்ல. மிஞ்சுவது வரவு 800, கூடுதல் வரி 600. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் வரி நிரந்தரம், சிடிசி பற்றுச்சீட்டு ஒவ்வோர் ஆண்டும் அறிவித்தால்தான் உண்டு. வரி உயர்வுக்கு ஈடாக வந்த உத்தரவாதத் தொகுப்பும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டுக் கூடுதல் வரியை ஈடுகட்டும் என்ற கணக்கில் போடப்பட்டது. ஓரறை முதல் மூவறை வீடுகளுக்கு ஏறத்தாழ பத்தாண்டு. நிரந்தரமாக நிற்பது 2012-இல் தொடங்கிய ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுத் திட்டம். அதற்கு வருமானம், வீட்டின் ஆண்டு மதிப்பு (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்ற கணிப்பு), எத்தனை சொத்து என்றெல்லாம் வரம்பு உண்டு. ரொக்கம் இப்போது 850 அல்லது 450 வெள்ளி. உங்கள் வீட்டில் அம்மா, அப்பா யாராவது இருந்தால் அவர்கள் பெயரில் தகுதி இருக்கிறதா என்று தனியே பாருங்கள். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று. எல்லாக் கடையும் இந்த வரியை வசூலிக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே உள்ள தேக்கா மளிகைக் கடையோ, காப்பிக்கடை பரோட்டா ஸ்டாலோ, தானாக முன்வந்து பதிவு செய்திருந்தாலொழிய, 9 விழுக்காடு என்று தனியாகப் போடக்கூடாது. ரசீதில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். விலை ஏறியிருந்தால் அது வேறு, அவர்கள் வாங்கும் சரக்கில் வரி ஏறியிருக்கிறது, அதை அவர்கள் திரும்பப் பெறவும் முடியாது.

அரசியல்வாதிகள் விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் உங்களைச் சொன்ன இரட்டை வேடத்தை அங்கே தேடினால் கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. 2015-இல் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம், அந்தப் பத்தாண்டின் இறுதிவரை, அதாவது 2020 வரை, திட்டமிட்ட கூடுதல் செலவுக்கு வருவாய் போதும் என்ற பொருளில் பேசினார். 2018 பிப்ரவரியில், அவருக்குப் பின் நிதியமைச்சரான ஹெங் சுவீ கியட், 2021-க்கும் 2025-க்கும் இடையில் வரி 2 புள்ளி உயரும் என்று அறிவித்தார். பழைய பேச்சு இல்லாவிட்டால் உடனே ஏற்றியிருப்பார்களோ என்று எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம் நாடாளுமன்றத்தில் சந்தேகம் கிளப்ப, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. வார்த்தையை வார்த்தையாகப் பார்த்தால் முதல் பேச்சு பொய்க்கவில்லை, பத்தாண்டு முடிந்த பிறகுதான் வரி ஏறியது. அந்தப் பேச்சைக் கேட்ட சாதாரண ஆள், இனி வரி ஏறாது என்று எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு யார் பொறுப்பு? இப்படிச் சட்டத்துக்குச் சரியாகவும் காதுக்கு வேறாகவும் ஒலிக்கும் இடத்தில்தான் நான் பென்சிலால் கோடு போடுவேன்.

காலத்தையும் கவனியுங்கள். 2025 பிப்ரவரி 18-இல் வரவுசெலவுத் திட்டம், மே 3-இல் தேர்தல், அடுத்த பத்தே நாளில் 500 வெள்ளி பற்றுச்சீட்டு. 2006-இலும் வரவுசெலவுத் திட்டத்தில் ரொக்கத் தொகுப்பு, மே மாதம் தேர்தல், அந்த நவம்பரிலேயே வரியை 5-இலிருந்து 7-ஆக ஏற்றும் அறிவிப்பு. அது வசதி குறைந்தவர்களுக்கு உதவத்தான் என்றும் சொன்னார்கள். கொடுப்பது தேர்தலுக்கு முன்னால் வருவதும் எடுப்பது பின்னால் வருவதும் சட்டத்துக்கு விரோதமில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிவைத்தால் மேடையில் கேட்டது வேறு மாதிரித் தெரியும்.

எதிர்க்கட்சியையும் இதே தராசில் வையுங்கள். எல்லா வரியையும் எதிர்த்து, எல்லாச் செலவையும் கூட்டச் சொன்னால் அது வேடம். பாட்டாளிக் கட்சி 2022-இல் வரி உயர்வை எதிர்த்தபோது செல்வ வரி, நில விற்பனை வருவாய், நிதியிருப்பின் முதலீட்டு வருவாயில் கூடுதல் பங்கு என்று மாற்று வழிகளையும் பேசியது. இப்போது அந்த முதலீட்டு வருவாயில் அதிகபட்சம் பாதியை அரசாங்கம் செலவழிக்கலாம். அதுவே வரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஜிஎஸ்டியைவிடப் பெரியது. கூடுதலாக எடுத்தால் பேரப்பிள்ளைகளின் பங்கு குறையும் என்பது அரசாங்கத்தின் பதில். இது கருத்து வேறுபாடு, இரு தரப்பும் விலையைச் சொல்லித்தான் பேசின. அதே சமயம் 2024 நிதியாண்டில் 640 கோடி வெள்ளி உபரி வரும் என்று கணித்தபோது, அப்படியானால் வரி ஏற்றியது எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. நிறுவன வருமான வரி எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது என்றார்கள். ஆண்டுதோறும் அப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதுவும் உண்மை.

யார் என்ன சொன்னார் என்பதற்கு வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். நாடாளுமன்ற விவாதப் பதிவு இணையத்தில் இருக்கிறது, பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடினால் வந்துவிடும். நிதியமைச்சின் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களும் அப்படியே.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரி அநியாயம் என்று பேசிக்கொண்டே சனிக்கிழமை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தள்ளுவண்டி நிறையச் சாமான் ஏற்றுகிறவர்கள், 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு வரி கட்ட வேண்டும் என்பதை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மறந்துவிடுகிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான், பில்லைக் கூட்டிப் பார்க்காமல்.

ஆகவே அடுத்த முறை மச்சான் சிரித்தால் சண்டை வேண்டாம். அவருடைய வருமான வரி நோட்டீஸையும் உங்கள் பற்றுச்சீட்டுப் பக்கத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்புறம், 2025-இன் சிடிசி பற்றுச்சீட்டு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் செல்லுபடியானது. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் பேட்டைக் கடைகளுக்கும் என்று பிரித்திருந்தார்கள். எஸ்ஜி60-க்குக் கெடு 2026 டிசம்பர் 31.